ஏட்டுச் சுரைக்காயும் லேப்டாப் பேட்டரியும்

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மாற்றம் என்று ஒருவர் லினக்ஸ் கர்னலுக்கு நான்கு வரி நிரலைக் கொண்டுவந்தால், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. பேட்டரி கூடுதலாக ஒரு மணி நேரம் நிற்பது யாருக்குக் கசக்கும்? தரவிதியில் எழுதியிருக்கிறது, சிப்பும் அந்த வசதி தன்னிடம் உண்டு என்கிறது, பிறகு எதற்கு ஆய்வும் தாமதமும் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. ஆட்சேபம் எழுப்புகிற நிரல் ஆய்வாளர், கல்யாண வீட்டில் கணக்குக் கேட்கும் பெரியப்பா போலத் தெரிகிறார்.

பெரியப்பா சொல்வதுதான் சரி.

இயங்குதளமும், கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மென்பொருளும் மின்சக்தி பற்றிப் பேசிக்கொள்வதற்கான விதிகளை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் 1996 டிசம்பரில் ‘ஏசிபிஐ’ என்ற பெயரில் வெளியிட்டன. ஏட்டில் அது ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் லேப்டாப் தயாரிப்பவர்களில் பெரும்பாலோர் விதிப்புத்தகத்தை வைத்துச் சோதிப்பதில்லை. விண்டோஸ் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள், ஓடினால் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அதனால்தான் ‘நீ விண்டோஸா?’ என்று பயாஸ் கேட்டால், லினக்ஸ் கூசாமல் ‘ஆமாம்’ என்கிறது. வேடிக்கைக்குச் சொல்வதல்ல, கர்னலில் இன்றும் அப்படித்தான்.

இந்த விவரம் புரியாமல் விதியை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2011 மார்ச்சில் வந்த லினக்ஸ் 2.6.38 காட்டியது. பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகள் வேலையில்லாத நேரத்தில் கண்ணயர ‘ஏஎஸ்பிஎம்’ என்றொரு வசதி உண்டு. சில பயாஸ்கள் ‘இங்கே அது கிடையாது’ என்று தங்கள் ஏசிபிஐ அட்டவணையில் எழுதிவிட்டு, சில சாதனங்களில் அதை இயக்கியும் வைத்திருந்தன. அட்டவணை சொல்கிறபடி கர்னல் அதை அணைத்துவிடட்டும் என்று கர்னல் நிரலாளர் மாத்யூ காரெட் ஒரு மாற்றம் செய்தார். விதிப்படி அதில் குற்றமே இல்லை. ஆனால் தூங்கிக்கொண்டிருந்த இணைப்புகளெல்லாம் விழித்துக்கொண்டன. பல லேப்டாப்களில் பேட்டரி வேகமாகக் கரைந்தது. விண்டோஸ் அந்த அட்டவணையைப் பார்த்தால் பயாஸ் வைத்ததை வைத்தபடி விட்டுவிடுகிறது என்று பிறகு தெரியவந்தது. காரெட்டே திருத்தமும் எழுதினார். அது 2012-ல் 3.3 பதிப்பில் சேர்ந்தது.

பேட்டரி கரைந்ததோடு போனது அதிர்ஷ்டம். 2017-ல் லினக்ஸ் 4.11, என்விஎம்இ எஸ்எஸ்டி வட்டுகள் சும்மா இருக்கும்போது தாமாகவே ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக வழி செய்தது. டெல் எக்ஸ்பிஎஸ் 15 9550, பிரிசிஷன் 5510 ஆகிய லேப்டாப்களில் இருந்த சில சாம்சங் எஸ்எஸ்டிகள் தூங்கப் போய்த் திரும்பவே இல்லை. வேலை நடுவில் வட்டே காணாமல் போனது! பிறகு கர்னலில் விலக்குக் குறிப்பு எழுதினார்கள். வட்டின் பெயரை மட்டும் எழுதினால் போதவில்லை, கூடவே லேப்டாப்பின் பெயரையும் எழுத வேண்டியிருந்தது. எந்தத் தரவிதி இதை முன்கூட்டிச் சொல்லியிருக்கும்?

யூஎஸ்பி கதையும் இதுதான். தானாகத் தூங்கும் வசதி கர்னலில் பல ஆண்டுகளாக உண்டு. ஹப் தவிர மற்ற சாதனங்களுக்குப் பொதுவாக அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. காரணம், தூங்கத் தெரியாத சாதனங்கள் அவ்வளவு.

இப்படிப் பயந்தால் எதுவுமே நடக்காது என்பார்கள். நடந்திருக்கிறது. வட்டுகளை இணைக்கும் சாட்டா இணைப்பின் மின்சிக்கனத்தை, ஃபெடோரா என்ற லினக்ஸ் தொகுப்பின் 28-ம் பதிப்பில் இயல்பாகவே இயக்கிவைக்க நிரலாளர் ஹான்ஸ் டி கூட் முயன்றபோது, இன்டெல்லின் விண்டோஸ் டிரைவர் எந்த நிலையைப் பயன்படுத்துகிறதோ அதற்கு ஒத்த நிலையையே தேர்ந்தார். விருப்பமுள்ளவர்களைத் தங்கள் லேப்டாப்களில் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துச் சொல்லுமாறு கேட்டார். ஒத்துவராத வட்டுகள் விலக்குப் பட்டியலில் ஏறின. சும்மா இருக்கும் லேப்டாப்பில் சுமார் ஒரு வாட் மிச்சமானது. 2018 மேயில் ஃபெடோரா 28 அந்த மாற்றத்தோடு வெளிவந்தது.

எந்தெந்த லேப்டாப்பில், எந்தெந்த வட்டோடு ஓட்டிப் பார்த்தோம் என்ற பட்டியல் இல்லாமல் வரும் மின்சிக்கன மாற்றத்தை, அது எத்தனை வாட் மிச்சம் காட்டினாலும், ஆய்வாளர் திருப்பி அனுப்ப வேண்டும்.