உழைத்தவள் கூலி உழைத்தவளுக்கே

இலங்கையின் அட்டன், நுவரெலியா தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் இறக்கிவைக்கும் கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதுவது பெரும்பாலும் ஆண்கள். 1984 வரை பெண்ணின் நாட்கூலி ஆணுடையதைவிடக் குறைவு. அதையும் கணவனோ தகப்பனோ வாங்கிப்போகும் வழக்கம் இருந்தது.

மலையகத் தோட்டங்களில் இந்துக்களே அதிகம். ஆனாலும் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் காலந்தொட்டுக் கிறிஸ்தவமும், கடைவீதிகளில் இஸ்லாமும் வேரூன்றியுள்ளன. கூலி விஷயத்தில் இரு மறைகளும் தெளிவாகவே பேசுகின்றன. நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம், நிலம் வாங்கித் திராட்சை நட்டு, துணி நெய்து விற்கும் பெண்ணைப் போற்றி, உழைப்பின் பலனை அவளுக்கே கொடுக்கச் சொல்கிறது. பெண்ணின் சம்பாத்தியத்தில் அவளுக்கு உரிமையுண்டு என்கிறது குர்ஆன் (4:32). மணமகன் தரும் மஹரும் அவளுடையதே (4:4).

பெண் போதிப்பதைத் தடுக்கும் 1 தீமோத்தேயுவும், மகனுக்கு மகளைப்போல இருமடங்கு தரும் பாகப்பிரிவினையும் (குர்ஆன் 4:11) அதே மறைகளில்தான் உள்ளன. எதை முன்னே வைப்பது என்பதைப் பெரும்பாலும் ஆண்களே தீர்மானித்தார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் பெண்ணுக்குக் குருப்பட்டம் இல்லை. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதி பதவியை ஆண்களுக்கே ஒதுக்கியது. அதைத் திருத்த 2009இல் நீதிபதி சலீம் மர்சூஃப் தலைமையில் அமைந்த குழு 2018இல்தான் அறிக்கை தந்தது. அதிலும் இரண்டாகப் பிரிந்து நின்றது.

நாடாளுமன்றம் இந்தத் திருத்தத்தை இனியும் தள்ளிப்போடக் கூடாது. தோட்டத்து ஆலய, பள்ளிவாசல் நிர்வாகக் குழுக்களும் பெண்களுக்கு உடனே இடம் தர வேண்டும்.