கடலோரம் எல்லோருக்கும் சொந்தம்!

இங்கிலாந்தில் டிசம்பர் மாதம் கடுங்குளிர். மாலை 4 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். ஆனாலும் பல குடும்பங்கள் வீட்டில் முடங்கிக் கிடப்பதில்லை. கம்பளி உடுப்பு மாட்டிக்கொண்டு, குழந்தை குட்டிகளுடன் கடற்கரைக்குக் கிளம்பிவிடுகின்றன!

லண்டனில் ரெயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஈஸ்ட்போர்ன் நகரம். அதன் அருகே பீச்சி ஹெட் என்ற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை நிற்கிறது. உயரம் சுமார் 530 அடி. அதன்மேல் ஆற அமர நடந்து, காற்று வாங்கிவிட்டு, இருட்டுமுன் திரும்பலாம். நடப்பதற்குக் கட்டணம் கிடையாது.

எல்லாக் கரையும் இப்படி இருக்கவில்லை. பல இடங்களில் தனியார் வேலி வழியை மறித்தது. 2009-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. இங்கிலாந்தின் கரையைச் சுற்றிலும் சுமார் 2,700 மைலுக்கு நடைபாதை வேண்டும் என்பதே திட்டம். ஏழையும் நடக்கலாம், சீமானும் நடக்கலாம்!

ஆனால் கடல் சும்மா இருக்குமா? அலை பாறையின் அடியை அரிக்கிறது. மழையும் உறைபனியும் மேலே பிளக்கின்றன. குளிர்காலத்தில் பாறை திடீரெனச் சரிவதுண்டு. பீச்சி ஹெட் அருகே உள்ள பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கத்தை, 1999-ல் அப்படியே 50 அடிக்கு மேல் உள்ளே நகர்த்தினார்கள்!

ஆகவே, நடப்பவர்கள் விளிம்பை நெருங்கக் கூடாது. கரை இடிந்தால் பாதையையும் உள்ளே நகர்த்த அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதுவே அதன் சிறப்பு. மண் சரியலாம், மக்களின் உரிமை சரியக் கூடாது.