டேவ் ஆடுறது வெட்டி வேலையா?

"பி.காம் படிக்கிறவன் இன்னும் டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஆடுறானே"ன்னு சிரிக்கிற மகாஜனங்களே, ஒரு நிமிஷம். ஃப்ளாப்பியை பீரோவுல பூட்டி வச்சா மட்டும் பிழைக்காது. நாளாக நாளாக அதுல இருக்கிறது அழிஞ்சிடும். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை எழுதின ஜோர்டன் மெக்னருக்கே, தொலைஞ்சு போச்சுன்னு நினைச்ச மூல நிரல் 2012ல தான் பழைய ஃப்ளாப்பியிலிருந்து திரும்பக் கிடைச்சது.

நம்ம திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல்லை கண்ணாடிப் பெட்டியிலயா வச்சார்? விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுத்தார், அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பி வாங்கினார். விதைச்சாதான் விதை. இந்த விளையாட்டும் அப்படித்தான், டாஸ்பாக்ஸ்ல ஓடினாதான் உயிரோட இருக்கும்.

"காப்பி எடுக்கிறது திருட்டு"ங்கிறீங்களா? கடையில விக்கிறதை காசு கொடுத்தே வாங்குவோம். விக்க ஆளே இல்லாததை யார்கிட்ட வாங்குறது? பழைய கம்ப்யூட்டரை காயலான் கடையில போடுறதுக்கு முன்னாடி ஹார்ட் டிஸ்க்கை காப்பி எடுங்க. அப்புறமா என்னைத் திட்டுங்க!