புருவத்தில் பச்சை! ஊசியைப் பார்த்து உட்காருங்கள்

சென்னை பியூட்டி பார்லர் போர்டுகளில் இப்போது 'மைக்ரோபிளேடிங்' என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. பெயர்தான் புதுசு. திருவிழாவில் பச்சை குத்துவார்களே, அந்த ஜாதிதான். புருவத்தில் முடி மாதிரி கோடு கோடாகக் கீறி மை ஏற்றுகிறார்கள். ஓரிரு வருஷம் நிற்கும்.

கலர் அட்டையைப் பத்துத் தரம் புரட்டுகிறவர்கள் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆபத்தே அங்கேதான். ஒருவருக்குக் குத்திய ஊசியை அடுத்தவருக்குப் போட்டால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. வரை தொற்றலாம். புது ஊசியின் உறையைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். காசையும் கொடுத்து வியாதியையும் வாங்குவானேன்?

மையும் லேசுப்பட்டதல்ல. பச்சை குத்தும் மையில் ஆர்செனிக், குரோமியம் உள்பட 22 உலோகங்கள் இருந்ததாக கர்நாடக சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவ் 2025-ல் சொன்னார். ஐரோப்பிய யூனியன் 2022 ஜனவரியிலேயே இந்த மைகளுக்குக் கடிவாளம் போட்டுவிட்டது. அதனால் முதலில் காதோரம் ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பது நல்லது.

சர்க்கரை வியாதிக்காரர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்கள், காயம் பட்டால் தழும்பு தடித்து வளர்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக்கூடாது. கர்ப்பிணிகள் தள்ளிப்போடலாம்.

குத்தியபின் பத்து நாள் தண்ணீர், வெயில், வியர்வை ஆகாது. (மே மாதத்தில் பஸ்ஸில் போகிறவர் பாடு திண்டாட்டம்தான்!) பொருக்கு தானாக உதிரட்டும். நகத்தால் பிய்த்தால் மையும் போகும், சீழும் பிடிக்கும்.

இன்னொன்று: குத்தி 12 மாதம் வரை ரத்த தானம் செய்யக்கூடாது. முகாமில் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.