எத்தனை கிளிக் எண்டு மட்டும் கேக்காதீங்கோ

பாவித்த கமரா வாங்கப் போகும் எங்களில் அநேகம் பேர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஷட்டர் கவுண்ட் எவ்வளவு?" பத்தாயிரம் என்றால் முகம் மலரும். எண்பதாயிரம் என்றால் "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" எண்டு போனை வைத்துவிடுவோம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்தே கமராவின் விலையையும் மிச்ச ஆயுளையும் முடிவு செய்வது பிழை என்பது என் கருத்து.

இது சின்ன விசயமும் இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, புதுக் கமரா எங்களில் கனபேருக்கு எட்டாத பொருளாகிவிட்டது. படம் எடுத்து உழைக்க நினைக்கிற ஒரு பெடியனோ பெட்டையோ சேர்த்த காசு முழுவதையும் ஒரு பழைய கமராவில்தான் போட வேண்டியிருக்கு. அது பிழைத்தால் தொழிலே தொடங்காமல் போகலாம்.

முதலில் அந்த எண் என்னவென்று பார்ப்போம். ஷட்டர் என்பது சென்சருக்கு முன்னால் இருக்கும் மெல்லிய திரைகள். ஒன்று விலகி வெளிச்சத்தை விடும், மற்றது வந்து மூடும். இயந்திரம்தானே, தேயும். நிக்கோன் டி3300 போன்ற சிறிய கமராக்களின் ஷட்டர் 100,000 தரமும், டி750 150,000 தரமும், டி5 400,000 தரமும் இயங்கும்படி சோதிக்கப்பட்டவை. ஒரு கலியாணத்துக்கு 2,500 படம் என்று வைத்தால், 40 கலியாணத்தில் ஒரு இலட்சம் வந்துவிடும். ஆனால் அது மருந்துப் போத்தலில் இருக்கும் காலாவதித் திகதி மாதிரி இல்லை. 30 ஆயிரத்திலும் ஷட்டர் போகலாம், இரண்டு இலட்சம் தாண்டியும் ஓடலாம்.

எண்ணை எப்படிப் பார்ப்பது? நிக்கோன், பென்டக்ஸ், பல சோனி கமராக்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அதை எழுதிவைக்கும். கமராவிலிருந்து நேரே எடுத்த படத்தை 'எக்ஸிஃப்டூல்' என்ற இலவச மென்பொருளில் திறந்தால் தெரியும். கனனில் பெரும்பாலும் படத்துக்குள் இருக்காது. கமராவை வயரால் கணினியோடு இணைத்து, அதற்கான மென்பொருளால்தான் பார்க்க வேண்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த விபரமெல்லாம் அழிந்துவிடும், அதனால் டொகியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். படத்துக்குள் இருக்கும் தொடர் இலக்கமும் கமராவின் அடியில் இருக்கும் இலக்கமும் ஒன்றா என்றும் பாருங்கள். "ஃபைல் நம்பர் 3200தானே, அவ்வளவுதான் எடுத்தது" எண்டு யாரும் சொன்னால் நம்பாதீங்கோ. அது 9999க்குப் பிறகு திரும்ப 1இல் தொடங்கும்.

சரி, உண்மையான எண்ணே கிடைத்துவிட்டது. அது எல்லாத்தையும் சொல்லுதா? இல்லை. வீடியோ எடுக்கும்போது ஷட்டர் திறந்தபடியே நிற்கும். விழா விழாவாக மணிக்கணக்கில் வீடியோ எடுத்துச் சூடேறிய ஒரு கமரா "வெறும் 6,000" என்று காட்டலாம். கண்ணாடி இல்லாத புதுக் கமராக்களில் எலக்ரோனிக் ஷட்டரால் எடுத்தால் திரை அசைவதே இல்லை. 2021இல் வந்த நிக்கோன் இசட்9இல் இயந்திர ஷட்டரே கிடையாது. ஷட்டரை மாற்றியிருந்தால் எண் பூச்சியத்திலிருந்து தொடங்கியிருக்கவும் கூடும்.

நிக்கோன் டி600இன் கதை இதற்கு நல்ல உதாரணம். 2012இல் வந்தது, 150,000 தரத்துக்குச் சோதித்த ஷட்டர். ஆனால் புதுக் கமராவிலேயே, சில ஆயிரம் படங்களுக்குள், சென்சரில் புள்ளி புள்ளியாக அழுக்குப் படிந்தது. 2013இல் வேறு ஷட்டரோடு டி610 வந்தது. 2014இல் டி600 வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரை மாற்றித் தருவதாகக் கம்பனி அறிவித்தது. அப்படிப் பார்த்தால், குறைவாக ஓடிய டி600ஐ விட, நிறைய ஓடி ஷட்டர் மாற்றிய டி600 நல்ல சாமானாக இருக்க முடியும்.

செகண்ட் ஹாண்ட் மோட்டார் சைக்கிள் வாங்கும்போது நாங்கள் மீற்றரை மட்டும் பார்க்கிறோமா? எஞ்சின் சத்தம் கேட்கிறோம், செயின் பார்க்கிறோம், ஒரு ரவுண்ட் ஓடிப் பார்க்கிறோம். கமராவுக்கும் அதுதான். பகல் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவரை 1/4000 வேகத்தில் பத்துப் படம் எடுங்கள். ஒரு பக்கம் கறுப்புப் பட்டி விழுந்தாலோ, படத்துக்குப் படம் வெளிச்சம் மாறினாலோ ஷட்டர் களைத்துவிட்டது. எல்ஈடி பல்ப்புக்குக் கீழே இந்தச் சோதனை வேண்டாம், பல்ப்பே பட்டி காட்டும். அடுத்து எஃப் 16இல் வானத்தை எடுங்கள். தூசி என்றால் துடைக்கலாம், கீறல் என்றால் விடுங்கள். லென்ஸை மூடி 10 செக்கன் படம் எடுத்தால் சென்சரில் பழுதான புள்ளிகள் மின்னும். எச்டிஎம்ஐ வயர் செருகும் இடம் ஆடுதா, பிடியின் ரப்பர் உப்பியிருக்கா, பிளாஷ் பூட்டும் இடத்தில் பெயின்ற் எவ்வளவு தேய்ந்திருக்கு என்பதெல்லாம் அந்தக் கமரா செய்த வேலையைச் சொல்லும்.

எங்கட காலநிலைக்கு இன்னொன்றும் இருக்கு. அலுமாரிக்குள் வருசக்கணக்காகப் பூட்டிக் கிடந்த கமராவின் எண் குறைவாகத்தான் இருக்கும். லென்ஸுக்குள் போன் லைற்றை அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி பங்கஸ் ஓடியிருக்கலாம்.

எனக்குப் பெரிய கவலை இதுதான்: ஒழுங்காகத் துடைத்து, காயவைத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் உழைத்த ஒருவரின் 90,000 கமராவை நாங்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறோம். எண்ணை ஒளிக்கிறவருக்கு நல்ல விலை கொடுக்கிறோம். உண்மை சொன்னவருக்கு நட்டம் என்றால், அடுத்த முறை அவரும் ஏன் உண்மை சொல்லப்போகிறார்?

எண்ணைக் கேளுங்கள். அதோடு "இது என்ன வேலை செய்த கமரா, எங்க வைச்சிருந்தனீங்கள், ஏன் விக்கிறீங்கள்?" எண்டும் கேளுங்கள். போகும்போது உங்கட கார்ட்டையும், முடிந்தால் லப்டொப்பையும் கொண்டு போங்கள். அரை மணித்தியாலம் சோதிக்க விடாதவரிடம் எண் எவ்வளவு குறைவென்றாலும் வாங்காதீங்கோ.