உடைந்த பாட்டிலுக்கு விலை உண்டு, பொறுக்கும் கைக்கு?

பூரணாங்குப்பத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் விடிவதற்கு முன்பே சாக்குப் பையோடு கடற்கரைப் பக்கம் போய்விடுவார். முந்தின இரவு குடித்துவிட்டுப் போட்ட பாட்டில்களைப் பொறுக்குவார். முழு பாட்டிலைக் காயலாங்கடையில் எடுத்துக்கொள்வார்கள். உடைந்ததைத் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். போன வாரம் அவர் உள்ளங்கையில் தையல் போட்டிருந்தது. “கையுறை போடக்கூடாதா அக்கா?” என்றேன். “யாரு தம்பி வாங்கித் தர்றது?” என்றார்.

யாருக்கும் வேண்டாத அந்தக் கண்ணாடிச் சில்லு, முறையாகப் பிரித்தால் நல்ல மூலப்பொருள். அதை உருக்கி, வேகமாகச் சுழலும் துளைச் சட்டியில் ஊற்றினால் பஞ்சு மிட்டாய் போல இழை இழையாக வரும். வெப்பத்தைத் தடுக்க ஏசி கட்டடங்களின் கூரைக்குள் வைக்கும் கிளாஸ் வுல் இதுதான். கண்ணாடியை மாவாக அரைத்து, கொஞ்சம் கரித்தூளோ சுண்ணாம்புக்கல் பொடியோ கலந்து 700 முதல் 900 டிகிரி வரை சூடாக்கினால் உப்பி நுரைக் கண்ணாடி ஆகும். இதுவும் வெப்பம் தடுக்கும். உலையில் 10 சதவீதம் பழைய கண்ணாடி சேர்த்தால் சுமார் 2.5 முதல் 3 சதவீதம் எரிசக்தி மிச்சம். முதலாளிக்கு லாபம், சுற்றுச்சூழலுக்கும் நல்லது.

ஆனால் ஒரு பீங்கான் துண்டோ கல்லோ கலந்துவிட்டால் அது உருகாது, இழை அறுந்துபோகும். அதனால் இந்தத் தொழிலின் உயிரே தரம் பிரிப்பதில்தான் இருக்கிறது. நம் ஊர்களில் அதை வெறுங்கையால் செய்வது பெரும்பாலும் சேரிப் பெண்கள். அந்த அக்கா வசிப்பதோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டில். மே மாத மதியத்தில் உள்ளே உட்கார முடியாது. வெப்பம் தடுக்கும் பொருளுக்குக் கண்ணாடி பொறுக்குபவரின் தலைக்கு மேல் அந்தப் பொருள் இல்லை.

நாளை இங்கே ஒரு ‘பசுமைத் தொழில்’ வந்தால், “உங்கள் ஆட்களுக்கு வேலை தருகிறோம்” என்பார்கள். எந்த வேலை? அரவை இயந்திரத்தின் அருகிலா? பீங்கான், ஓடு உடைக்கும் தூசியில் படிகச் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ். வந்தால் குணமாகாது. உலை அவர்களுக்கு, தூசி நமக்கு என்றால் அது பழைய சாதிக் கணக்குதான்.

வேறு வழி உண்டு. புனேயில் குப்பை சேகரிப்போர் 1993-இல் சங்கம் கட்டினார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். பின்னர் ‘ஸ்வச்’ கூட்டுறவு அமைத்து மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டார்கள். நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய். உடையாமல் இருக்க விலை வைக்கலாம் என்றால், உடைந்ததைப் பிரிக்கும் உழைப்புக்கும் வைக்கலாம். குப்பை சேகரிப்போரைப் பதிவு செய்யவும் அவர்களின் அமைப்புகளை அங்கீகரிக்கவும் 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே எழுதியிருந்தது.

தோழர்களே, கல்லூரியில் கடற்கரைத் தூய்மை முகாம் என்றால் உங்களுக்குக் கையுறை தருவார்கள், போட்டோ எடுப்பார்கள். ஒருநாள் வேலை அது. அன்றே கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் போங்கள். குப்பை சேகரிப்போரின் பதிவுப் பட்டியலைக் கேளுங்கள். இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். அக்காவின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறட்டும். கையுறையும் கூலியும் உலையில் பங்கும் அங்கிருந்துதான் தொடங்கும்.