வெள்ளை மாவுக்கு எதற்கு ஜிகினா டப்பா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரியேட்டின் வாங்குவதில் மண்டையைப் பிய்த்துக்கொண்டு தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை. கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்று ஒரு வெள்ளை மாவு இருக்கிறது. வேண்டுமானால் வாங்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். அவ்வளவுதான் மேட்டர். மீதி எல்லாம் டப்பா மேல் ஒட்டிய ஜிகினா.

அப்புறம் எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாய் என்றால், வயிற்றெரிச்சல்தான். இங்கே புனேயில் ஹிஞ்சவாடி பக்கம் தெருவுக்கு ரெண்டு ஜிம். ஆபீஸ் முடிந்து வருகிற நம்மூர்ப் பையன்கள், இப்போது பொண்ணுங்களும் கூட, அங்கேதான் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சேர்ந்த மூன்றாம் நாளே டிரெய்னர் தோளில் கை போட்டு, "சார், யே நயா வாலா லே லோ, அட்வான்ஸ்டு ஹை" என்று ஒரு டப்பாவைக் கையில் திணிக்கிறார். அதே பையன் ராத்திரி ஊருக்குப் போன் போட்டால் அம்மா, "ஏன்டா, ஊசி கீசி போட்டுக்கறியா? கிட்னி போயிடும்டா, பக்கத்து வீட்டு மாமா சொன்னார்" என்று அழுகிறார். ஒரு பக்கம் விற்கிற கட்சி, இன்னொரு பக்கம் பயமுறுத்துகிற கட்சி. ரெண்டு கட்சியும் சொல்வது தப்பு. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நம்ம பிள்ளைகள்.

சரி, அது என்ன சாமான்? 1832ல் ஷெவ்ரல் என்கிற பிரெஞ்சு வேதியியல்காரர் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்தார். இறைச்சிக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். நம் உடம்பே தினம் சுமார் 1 கிராம் தயாரித்துக்கொள்கிறது. கறி, மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சாப்பாட்டிலிருந்தும் கொஞ்சம் கிடைக்கும். ஒரு கிலோ பச்சை இறைச்சியில் 4, 5 கிராம் இருக்கும். சாம்பாரிலும் தயிர்சாதத்திலும் கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால்தான் சைவக்காரர்களின் தசையில் கிரியேட்டின் இருப்பு பொதுவாகக் குறைவு. மாவு சாப்பிட்டால் இருப்பு நன்றாக ஏறுவதும் அவர்களுக்குத்தான். (கடையில் விற்பது தொழிற்சாலையில் ரசாயன முறையில் செய்வது. இறைச்சியிலிருந்து எடுப்பதில்லை. கேப்ஸ்யூல் வாங்கினால் மட்டும் மேலுறை ஜெலட்டினா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பச்சைப் புள்ளி எதற்கு இருக்கிறது?)

வேலை என்ன? கனமான எடையைத் தூக்கும் முதல் சில வினாடிகளில் தசைக்கு வேண்டிய சக்தி ஏ.டி.பி. என்கிற பொருளிலிருந்து வருகிறது. அது தீரத் தீர உடனே திரும்ப நிரப்பித் தருவது தசையில் இருக்கும் பாஸ்போகிரியேட்டின். இருப்பு கூடுதலாக இருந்தால் எட்டு தடவை தூக்குகிற இடத்தில் ஒன்பது தடவை தூக்கலாம். ஒன்பது மாதம் ஒன்பது ஒன்பதாகத் தூக்கினால் தசை கொஞ்சம் கூடும். இதில் ஹார்மோனும் இல்லை, ஸ்டீராய்டும் இல்லை. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் தடைப்பட்டியலிலும் இது இல்லை.

இப்போது விற்கிற கட்சிக்கு வருவோம்.

இவர்கள் முதலில் விடும் கதை: "மோனோஹைட்ரேட் பழசு சார், தண்ணி கோத்துக்கும். இது ஹெச்.சி.எல்., இது எத்தில் எஸ்டர், இது பஃபர்டு." எத்தில் எஸ்டரை 2009லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். தசையில் சேர்ந்தது மோனோஹைட்ரேட்டை விட அதிகமில்லை, ரத்தத்தில் கிரியேட்டினின் என்கிற கழிவுதான் கூடியது. பஃபர்டு வகையை 2012ல் சோதித்தார்கள். மோனோஹைட்ரேட்டை விட ஒரு நன்மையும் இல்லை. ஹெச்.சி.எல். தண்ணீரில் நன்றாகக் கரையும், உண்மைதான். ஆனால் சர்க்கரை நன்றாகக் கரைகிறது என்பதற்காகக் காப்பி ஸ்ட்ராங் ஆகிவிடுமா? கரைவது வேறு, பலன் வேறு. "மைக்ரோனைஸ்டு" என்று போட்டிருந்தால் அதே மாவைப் பொடிசாக அரைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். விலை பெரிதாக ஏறவில்லை என்றால் அதை வாங்கலாம், டம்ளர் அடியில் மணல் மாதிரி தங்காது.

அடுத்த கதை: "முதல் வாரம் லோடிங் பண்ணுங்க. தினம் 20 கிராம்." இது சுத்தப் பொய் இல்லை. வேகமாக இருப்பு ஏறும். ஆனால் 1996ல் ஹல்ட்மன் குழு செய்த ஆய்வு என்ன சொல்கிறது? தினம் 20 கிராம் ஆறு நாள் சாப்பிட்டவர்களும், தினம் 3 கிராம் 28 நாள் சாப்பிட்டவர்களும் கடைசியில் ஒரே அளவுக்குத்தான் வந்து நின்றார்கள். நமக்கு அடுத்த வாரம் ஒலிம்பிக்ஸா இருக்கிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிராம் வீதம் ஏழு நாள் என்றால் 140 கிராம். 250 கிராம் டப்பாவில் பாதிக்கு மேல் ஒரே வாரத்தில் காலி. 3 கிராம் வீதம் என்றால் அதே டப்பா எண்பது நாளைத் தாண்டும். லோடிங் யாருக்கு லாபம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. போதாக்குறைக்கு மொத்தமாகப் போட்டால் சிலருக்கு வயிறு கடபுடா ஆகிவிடும்.

மூன்றாவது கதைதான் ரொம்ப மோசம். "கிரியேட்டின் மேட்ரிக்ஸ்", "ஸ்ட்ரெங்த் பிளெண்ட்" என்று ஏழெட்டுச் சாமானைக் கலந்து, எது எத்தனை கிராம் என்று சொல்லாமல் மொத்த எடையை மட்டும் போடுவது. மளிகைக்கடையில் இப்படி யாராவது விற்றால் சும்மா விடுவோமா? துவரம்பருப்பு எவ்வளவு, கேசரிப்பருப்பு எவ்வளவு என்று சொல்லாமல் "பருப்பு மேட்ரிக்ஸ் ஒரு கிலோ" என்றால் வாங்குவோமா?

சரி, எல்லாம் ஒழுங்காக வாங்கிச் சாப்பிட்டால் எவ்வளவு பலன்? 2003ல் ராசன், வோலக் என்ற இருவர் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எடைப்பயிற்சியோடு கிரியேட்டின் எடுத்தவர்களின் பலம் சராசரியாக 20 சதவீதம் கூடியது. பயிற்சியோடு வெறும் டம்மி மாவு சாப்பிட்டவர்களுக்கு 12 சதவீதம். இதை விற்கிறவர் "பார்த்தீங்களா, எட்டு சதவீதம் கூடுதல்" என்பார். நான் அந்த 12ஐப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு மாயமும் இல்லாத மாவைச் சாப்பிட்டுவிட்டு ஒழுங்காக ஜிம்முக்குப் போனதற்குக் கிடைத்த பலன் அது. பெரும்பங்கு உழைப்பு, சிறுபங்கு டப்பா. ராத்திரி ரெண்டு மணி வரை ஆன்சைட் கால், காலையில் சாப்பாடு கிடையாது, மதியம் வடாபாவ், வாரத்தில் ஒருநாள் ஜிம் என்று இருப்பவனுக்கு எந்த மாவும் ஒன்றும் செய்யாது. அவனுக்கு முதலில் வேண்டியது தூக்கம், அப்புறம் முட்டை, பருப்பு, பனீர்.

இனி பயமுறுத்துகிற கட்சி. பெரியவர்கள், மரியாதையோடுதான் சொல்கிறேன்.

"கிட்னி கராப் ஹோ ஜாயேகி" என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது? 1998ல் லான்செட் இதழில் 25 வயது ஆள் ஒருவரைப் பற்றி ஒரு குறிப்பு வந்தது. கிரியேட்டின் சாப்பிட்டார், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தது, நிறுத்தியதும் சரியானது. உண்மைதான். ஆனால் அவருக்கு ஏற்கெனவே சிறுநீரக நோய் இருந்து சிகிச்சையில் இருந்தவர் என்பதை யாரும் சொல்வதில்லை. அதற்கு முந்தின வருஷம், 1997 கடைசியில், அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தபோதும் பழி முதலில் இதன் மேல் விழுந்தது. கடைசியில் பார்த்தால், போட்டி எடைக்குள் வர உடம்பிலிருந்த தண்ணீரை வற்றடித்ததுதான் காரணம். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டாக எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. ஆரோக்கியமாக உள்ளவர்களின் சிறுநீரகத்தை சாதாரண அளவு கிரியேட்டின் கெடுக்கிறது என்று அவை காட்டவில்லை. முடி கொட்டும் என்கிறார்களே, அது 2009ல் தென்னாப்பிரிக்க ரக்பி வீரர்களிடம் ஒரு ஹார்மோன் அளவு ஏறியதாக வந்த ஒரே ஒரு சின்ன ஆய்வின் கைங்கரியம். அதில் முடியை யாரும் எண்ணவேயில்லை. 2025ல் வந்த 12 வார ஆய்வில் முடியையே நேராகப் பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை.

ஆனால் கிட்னி விஷயத்தில் நிஜமாகவே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதை ரெண்டு கட்சியும் சொல்வதில்லை. கிரியேட்டின் உடம்பில் கிரியேட்டினினாக மாறி வெளியேறுகிறது. ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று கணக்குப் போடுவது அந்தக் கிரியேட்டினினை வைத்துத்தான். மாவு சாப்பிடுகிறவருக்கு அந்த எண் கொஞ்சம் ஏறித் தெரியலாம், சிறுநீரகம் நன்றாகவே இருந்தாலும். எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பிக்கு ஆபீஸ் வருடாந்திரச் சோதனையில் 1.4 என்று வந்து, சிவப்பு எழுத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா ரயிலேறி வந்துவிட்டார்கள். வீட்டில் ஒரு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "ஜிம் மாவு ஏதாவது சாப்பிடுறியா?" சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு ரத்தச் சோதனை எழுதிக் கொடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்து. நிஜமாகவே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறவர், எண் ஏறியதைப் பார்த்து "அட, மாவாலதான்" என்று விட்டுவிடலாம். சர்க்கரையும் பிரஷரும் நம் குடும்பங்களில் முப்பத்தைந்து வயதிலேயே வந்து உட்கார்ந்துகொள்கின்றன, சத்தமே இல்லாமல். ஆகவே டப்பா வாங்குவதற்கு முன்னால் ஒரு ரத்தச் சோதனை, ஒரு சிறுநீர்ச் சோதனை. டப்பா விலையை விட அதிகம் ஆகாது. சிறுநீரக நோய் இருப்பவர்கள் தொடவே வேண்டாம். சர்க்கரை, பிரஷர், தினமும் மருந்து என்று இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வேண்டாம். இதைச் சொல்லவேண்டியது யார்? விற்கிறவர். எந்த டிரெய்னராவது "சர்க்கரை இருக்கா?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. டப்பாவுக்குக் கமிஷன் உண்டு, கேள்விக்குக் கமிஷன் கிடையாது.

வாங்குவதென்றால் எப்படி வாங்குவது?

உட்பொருள் வரிசையில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்று ஒன்றே ஒன்று இருக்கட்டும். கலர், ப்ளேவர் எதுவும் வேண்டாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கவேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும். அந்த எண்ணை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தளத்திலேயே தட்டிப் பார்க்கலாம். ஆனால் உரிமம் இருப்பதாலேயே உள்ளே இருப்பது சரி என்று ஆகிவிடாது. கேரளத்து டாக்டர் சிரியாக் ஏபி பிலிப்ஸ் குழு நம் நாட்டில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து 2024ல் வெளியிட்டதில், சுமார் 70 சதவீதம் லேபிளில் சொன்ன புரோட்டீன் கணக்கு சரியில்லை. அது புரோட்டீன், கிரியேட்டின் இல்லைதான். ஆனால் பெரும்பாலும் அதே கடை, அதே அலமாரி. ஆகவே அந்தந்த பேட்ச் எண்ணுக்கு வெளி ஆய்வகச் சான்று காட்டுகிற கம்பெனியைப் பாருங்கள். ஜெர்மனியில் தயாராகும் கிரியாப்யூர் மாவு என்று போட்டிருந்தால் நல்லது, கொஞ்சம் விலை கூடும். அவசியம் என்று சொல்லமாட்டேன்.

அப்புறம் கிராம் கணக்கில் விலை பாருங்கள். 250 கிராம் 750 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிராம் மூன்று ரூபாய், தினம் 3 கிராமுக்கு ஒன்பது ரூபாய். ஒரு கட்டிங் சாய் விலை. இதற்கு மேல் மூன்று மடங்கு கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். ஜெல்லி மிட்டாய் மாதிரி வருவதை வாங்காதீர்கள், மூன்று கிராம் சேர ரெண்டு மூன்று மிட்டாய் சர்க்கரையோடு தின்னவேண்டும். தண்ணீராகவே பாட்டிலில் வருவதும் வேண்டாம், தண்ணீரில் நாள்கணக்கில் நின்றால் கெட்டுப்போகும். கலக்கினால் அப்போதே குடித்துவிடுங்கள், காலையோ மாலையோ எப்போது வேண்டுமானாலும். முதல் மாதம் ஒன்றிரண்டு கிலோ எடை ஏறினால் அது தசை இழுத்துக்கொண்ட தண்ணீர். டிரெய்னர் "பார்த்தீங்களா" என்று புளகாங்கிதப்பட்டால் நம்பவேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஊரிலிருந்து நம்மோடு வந்து பிளாட்டில் அடைந்து கிடக்கிற அப்பா அம்மாக்கள். அறுபதுக்கு மேல் தசை கரைகிறது, தரையில் உட்கார்ந்தால் எழக் கை ஊன்ற வேண்டியிருக்கிறது. 2017ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், எடைப்பயிற்சியோடு கிரியேட்டின் எடுத்த வயதானவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களை விடக் கொழுப்பு நீங்கிய உடல் எடை சுமார் 1.4 கிலோ கூடுதலாகச் சேர்ந்திருந்தது. அதற்காக நாளைக்கே டப்பா வாங்கி அப்பா கையில் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அவர் டாக்டர். அப்புறம் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து தடவை எழுந்து உட்காரும் பயிற்சி. மாவு அதற்கெல்லாம் அப்புறம். இருபத்தைந்து வயதுப் பையனின் புஜத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம், அறுபத்தைந்து வயது அம்மாவின் முழங்காலுக்கு "வயசாச்சு, அப்படித்தான்" என்கிறோம். டிரெய்னர் தோளில் கை போடுவதும் பையன் தோளில்தான். காசு இருக்கிற தோள் அதுதானே :-)